நித்திரைக் குளிசையை நிறுத்துவது யார்?

எங்கள் கரைப்பக்கத்து ஊர்களில் வயோதிபர் இருக்கின்ற வீடுகள் பலவற்றில், சீனி வருத்தத்துக்குரிய குளிசைகளும் பிரஷர் குளிசைகளும் ஒன்றாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும் பொலித்தீன் பையை அவிழ்த்துப் பார்த்தால், இரவுக்கு ஒன்று என்று குறிக்கப்பட்ட, மற்றவற்றைவிடச் சிறியதான குளிசை ஒன்றும் அதனுள் இருக்கக் காணலாம். சீனிக் குளிசையை ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டால், முன்பு இரத்தத்தில் சீனி எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று இலக்கங்களோடு விடை சொல்லக்கூடிய அதே மனிதர், இந்தச் சிறிய குளிசையை எப்போது, எதற்காக, எந்த வைத்தியர் ஆரம்பித்தார் என்ற வினாவுக்கு மட்டும் சற்றுத் தயங்கி, "அது அப்பயிருந்தே போட்டுக்கிட்டு வாறன்" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார்.

நான் வைத்தியன் அல்லன். கிளினிக் நாட்களில் வீட்டுப் பெரியவர்களோடு வாங்கில் குந்தியிருந்து, அவர்களுடைய கொப்பிகளைப் புரட்டிப் பார்த்து, விளங்காத பெயர்களை வீட்டுக்கு வந்தபின் தேடிப் படிக்கும் பழக்கம் உடையவன். அவ்வளவே என் யோக்கியதை. அந்தப் பழக்கத்தினால் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தைத்தான் இங்கே சற்று விஸ்தாரமாக எழுத எண்ணுகிறேன். நித்திரைக் குளிசையினால் நம்மவர்க்கு உண்டாகும் தீங்கின் பெரும்பகுதி அந்த ஔஷதத்தின் குணத்தினால் மாத்திரம் வருவதில்லை. அதனை ஆரம்பிப்பதற்கு ஒருவர் இருந்தும், முடித்து வைப்பதற்கு எவரும் நியமிக்கப்படாமல் இருப்பதனாலேயே வருகிறது என்பதே அந்த அபிப்பிராயம்.

இந்தக் குளிசை நம் வீடுகள் பலவற்றுக்குள் எவ்வாறு பிரவேசித்தது என்று யோசித்தால், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதிக்கே மனம் போகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் எழுந்து வந்தபோது, இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பெரியநீலாவணையும் மருதமுனையும் பாண்டிருப்பும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் காரைதீவும் நிந்தவூரும் சேர்ந்த இந்தக் கரையோரத்தையும் உள்ளிட்டு, மாவட்டத்தில் மாண்டவர் தொகை 10,000க்கும் அதிகம். பிள்ளையின் ஜனாஸாவையேனும் கண்டெடுத்து அடக்கியவர்கள் ஒருவகையில் ஆறுதல் பெற்றவர்களாகவும், அதுவும் கிடைக்காதவர்கள் இரவு முழுவதும் அலைச்சத்தத்துக்குக் காது கொடுத்தபடி விழித்திருப்பவர்களாகவும் கழிந்த அந்த மாதங்களில், கண்ணை மூடுவதற்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டவரையும், கொடுத்த வைத்தியரையும் குறை கூறுவதற்கு எனக்கு மனம் வராது. யுத்தகாலத்தின் இரவுகளும், 2019 ஏப்ரல் 26ஆம் தேதி சாய்ந்தமருதில் குண்டுகள் வெடித்த இரவும் அந்தக் கணக்கில் மேலும் சிலரைச் சேர்த்திருக்கும்.

ஆயினும் உலக சுகாதார ஸ்தாபனம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலை வாசித்தபோது எனக்குச் சற்று அதிர்ச்சியாகவே இருந்தது. பெரும் அதிர்ச்சிக்கு உள்ளானவர்க்கு முதல் மாதத்தில் ஏற்படும் நித்திரையின்மைக்கு பென்ஸோடயஸிபைன் வகைக் குளிசைகளைக் கொடுக்க வேண்டாம் என்றும், மனநோய் எதுவும் இன்றித் துக்கத்தில் மாத்திரம் இருப்பவருக்கும் அவற்றை வழங்க வேண்டாம் என்றும் அது கூறுகிறது. டயஸிபாம், குளோனஸிபாம், அல்பிரஸோலாம் என்று நம் கொப்பிகளில் எழுதப்படுபவை யாவும் அந்த வகையைச் சேர்ந்தவை. துக்கத்தினால் வரும் விழிப்பு, பெரும்பாலோருக்குக் காலக்கிரமத்தில் தானாகவே தணிவது. குளிசையோ, துக்கம் தணிந்தபின்னும் தானாக நின்றுவிடுவதில்லை.

இந்த ஔஷதங்களின் சரித்திரத்தைப் பார்த்தால், ஒவ்வொன்றும் முந்தியதைவிட நிரபாயமானது என்ற கீர்த்தியோடு வந்து, சில வருஷங்களுக்குப்பின் அந்தக் கீர்த்தியை இழந்தது தெரியவரும். 1903இல் ஜெர்மனியின் எமில் பிஷரும் யோசப் வான் மெரிங்கும் உலகுக்கு அறிமுகம் செய்த வெரோனால், பார்பிட்டுரேட் வகையின் முதல் நித்திரை மருந்து. நித்திரை தரும் அளவுக்கும் உயிரை வாங்கும் அளவுக்கும் இடையே தூரம் குறைவாயிருந்ததனால், அந்த வகை மருந்துகள் எத்தனையோ மரணங்களுக்குக் காரணமாயின. 1962இல் ஹொலிவூட் நடிகை மெரிலின் மன்றோ இறந்ததும் அவ்வகை மருந்தினாலேதான்.

அந்தப் பயத்துக்குப் பரிகாரம்போல, எவ்வளவு விழுங்கினாலும் ஆபத்தில்லை என்ற விளம்பரத்துடன் 1957இல் மேற்கு ஜெர்மனியின் கடைகளுக்கு வந்ததுதான் தாலிடோமைட். கர்ப்பிணிகள் அதனை நித்திரைக்கும் மசக்கைக்கும் நம்பி உட்கொண்டதன் விளைவாக, கைகால்கள் குறைபட்ட குழந்தைகள் உலகெங்கும் 10,000க்கும் அதிகமாகப் பிறந்தன; 1961 நவம்பரில்தான் அது அங்கே மீளப் பெறப்பட்டது. அமெரிக்காவில் பிரான்ஸிஸ் கெல்ஸி என்ற மருந்து அதிகாரி, சமர்ப்பிக்கப்பட்ட ஆதாரங்கள் போதா என்று கூறி அனுமதியைத் தாமதித்து வந்தபடியால், அந்த நாடு பெரும் அனர்த்தத்திலிருந்து தப்பியது.

பிறகு லியோ ஸ்டெர்ன்பாக் என்ற இரசாயன விஞ்ஞானியின் முயற்சியால் 1960இல் லிப்ரியமும், 1963இல் டயஸிபாம் என்று நாம் அறிந்த வேலியமும் வந்தன. தனியே விழுங்கினால் பார்பிட்டுரேட்டைப்போல எளிதில் கொல்லாத காரணத்தால் இவை ஏற்றம் பெற்றது நியாயமே. ஆனால் பழகிய உடம்பு இவற்றை விடமாட்டாது என்ற உண்மை நன்றாக நிலைநாட்டப்படுவதற்குள் இருபது வருஷங்களுக்குமேல் சென்றுவிட்டன. பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குமேல் இவற்றை எழுத வேண்டாம் என்று 1988இல் அறிவித்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், பழக்கத்தையும் திடீர் நிறுத்தத்தின் அபாயத்தையும் பற்றி, இவ்வகை மருந்துகள் அனைத்துக்கும் கடுமையான எச்சரிக்கையைப் புதுப்பித்தது 2020 செப்டம்பரில்தான்.

விடமாட்டாது என்கிறேனே, அதன் காரியகாரணத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மூளையில் கிளர்ச்சியை அடக்கும் காபா என்ற இரசாயனம் ஒன்று இயல்பாகவே சுரந்து வேலை செய்கிறது. குளிசை அதன் வேலையைப் பலப்படுத்துகிறது. இரவு தோறும் வெளியிலிருந்து இந்த உதவி வந்துகொண்டிருக்கவே, மூளை தன்னுடைய சொந்த அடக்கும் சக்தியைத் தளர்த்திக்கொண்டு, அதே அளவு குளிசைக்கு முன்போல மசியாத நிலையை அடைகிறது. இந்த நிலையில் ஒருவர் குளிசையைச் சடுதியாக நிறுத்துவது, சேனநாயக்க சமுத்திரத்தின் வான்கதவுகள் எல்லாவற்றையும் ஒரே வேளையில் திறந்துவிட்டால் கீழேயுள்ள வயல்கள் என்ன ஆகுமோ, அதற்கு ஒப்பானது: அடங்கியிருந்த கிளர்ச்சி முழுவதும் ஒருசேரப் பாய்ந்து, முன்பு இருந்ததைவிட மோசமான நித்திரையின்மையையும் நடுக்கத்தையும் வியர்வையையும் பயத்தையும் உண்டாக்கும், சிலருக்கு வலிப்பும் வரலாம்.

மருதமுனையில் எனக்கு மாமி முறையான ஒருவர், கடல் வந்த வருஷத்திலிருந்து இரவுக் குளிசை போட்டு வருகிறவர். "இது இல்லாட்டி எனக்கு நித்திரையே வராது மனே, ரெண்டு நாள் உட்டுப் பாத்தன், கண் பொட்டுக்கூட மூடல்ல" என்று அவர் சொன்னபோது, அந்த இரண்டு நாள் அனுபவத்தைத் தம் பழைய வருத்தம் இன்னும் இருப்பதற்குச் சாட்சியாகவே அவர் கொண்டிருந்தார். நிஜத்தில் அந்த இரண்டு இரவுகளின் விழிப்பு, குளிசையைத் திடீரென்று விட்டதன் பலனாகவும் இருக்கலாம் என்று அவருக்கு எவரும் சொன்னதில்லை. மருந்து உண்டாக்கிய தொல்லையையே மருந்து வேண்டும் என்பதற்கு ஆதாரமாக மனிதன் எடுத்துக்கொள்ளும் இந்த மயக்கந்தான், வாரங்களுக்கென்று தொடங்கியதை வருஷங்களாக நீட்டிவிடுகிறது. இத்தனைக்கும், அந்தக் குளிசை தருவது இயற்கையான நித்திரையும் அன்று. ஆழ்ந்த நித்திரையின் பங்கைக் குறைத்து, மேலோட்டமான நித்திரையின் பங்கைக் கூட்டித்தான் அது இரவைக் கடத்துகிறது.

இனி, நம்முடைய வாழ்க்கைமுறைக்கே விசேஷமாக உரிய சில அபாயங்களைச் சொல்கிறேன். ஸோல்பிடெம் என்ற புதிய வகைக் குளிசையைப் போட்டவர், மறுபடி எழுவதற்கு முன் ஏழு அல்லது எட்டு மணித்தியாலம் படுக்கையில் இருக்கக்கூடியவராக இருத்தல் வேண்டும் என்று அதன் குறிப்பேடு கூறுகிறது. றமழான் மாதத்தில் தராவீஹ் முடிந்து வீடு திரும்பி, எதையாவது தின்று, பிளேன்டீயும் குடித்து, பதினொரு மணிக்குக் குளிசை போட்டுக்கொண்டு படுக்கும் ஒருவர், சஹருக்கு நாலு மணிக்கு முன்னரே எழுந்தாகவேண்டும். அப்போது மருந்தின் ஒருபகுதி இரத்தத்திலேயே இருக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013இல் இந்த மருந்தின் அளவைப் பெண்களுக்கு 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்ததற்குக் காரணம், பெண்களின் சரீரம் இதனை மெதுவாகவே கழிப்பதால் காலையில் அவர்களிடத்தில் மீதம் அதிகமாக இருந்தமையே. நம் வீடுகளிலோ, எல்லாருக்கும் முன் எழுந்து சஹருக்கு அடுப்பு மூட்டுகிறவள் பெண். நித்திரையிலேயே எழுந்து நடத்தல், சமைத்தல், வாகனம் ஓட்டுதல் முதலிய விபரீதங்கள் இதனாலும் இதன் இனத்து மருந்துகளாலும் நேர்ந்து உயிர்ச்சேதமும் ஏற்பட்டதாகக் கண்டு, 2019இல் மிகக் கடுமையான எச்சரிக்கையும் விதிக்கப்பட்டது.

டயஸிபாமின் விஷயம் வேறு. அது சரீரத்தில் பாதியாகக் குறைவதற்கே ஒருநாள் முதல் இரண்டு நாள்வரை செல்லும். அதிலிருந்து உண்டாகும் இன்னொரு பொருள் அதற்கும் மேலாகத் தங்கும். விருத்தாப்பியத்தில் ஈரலின் வேகம் குறைந்து கொழுப்பின் பங்கும் கூடுவதால், நேற்றைய குளிசையின்மேல் இன்றைய குளிசை சேர்ந்து, எப்போதும் ஒரு மந்தநிலை படிந்திருக்கும். எழுபது வயதுக்கார வாப்பா ஒருவர், சுபஹ் தொழுகைக்காக இருட்டோடு எழுந்து, வுழுச் செய்வதற்கு ஈரமான சீமெந்துத் தரையில் கால் வைக்கும் அந்த வேளையை நினைத்துப் பாருங்கள். முதியோருக்கு இவ்வகைக் குளிசைகளைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் சொல்வதற்கு, விழுந்து இடுப்பெலும்பு முறிவதும், புத்தி தடுமாறுவதுமே பிரதான காரணங்கள். விழுந்தவரைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடும்போது, தரை வழுக்கியதென்றுதான் நாம் சொல்லுகிறோம். இரவில் போட்ட குளிசையின் ஞாபகம் ஒருவருக்கும் வருவதில்லை. காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கரைப்பற்று வீதியில் பஸ்களுக்கும் லொறிகளுக்கும் இடையே போகும் நடுவயதினருக்கும் இதே விதி பொருந்தும்.

"நமக்குத்தான் மது இல்லையே, கலந்து குடிக்கும் அபாயம் எங்கே?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். மது இல்லாவிடினும், முதுகுவலிக்கென்று டிரமடோல், இருமலுக்கென்று கொடீன் கலந்த பாணி, தும்மலுக்கென்று பிரிட்டோன் ஆகிய இவை யாவும் நம் வீடுகளில் புழங்குகின்றனவே! டிரமடோல், கொடீன் போன்ற அபினி வகை மருந்துகளோடு பென்ஸோடயஸிபைன் சேரும்போது சுவாசம் மந்தமாகி நின்றுபோகவும் கூடும் என்று 2016இலேயே எச்சரிக்கை வெளியாகிவிட்டது. இரவில் பலமாகக் குறட்டைவிட்டு, இடையிடையே மூச்சுத் தடைப்பட்டு எழுகிறவருக்கு, தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும் இந்தக் குளிசை தனியாகவே ஆபத்து. நித்திரைக்காகவே பிரிட்டோனை வாங்கிப் போடும் வழக்கமும் நிரபாயமானதன்று; புரொஸ்டேட் வீங்கிய முதியவருக்கு அது சிறுநீரை அடைத்துவிடும், ஞாபகத்தையும் குழப்பும்.

இன்னொரு சங்கடம் பெயர்களால் வருவது. அரசாங்க ஆஸ்பத்திரிக் கொப்பியில் குளோனஸிபாம் என்று எழுதப்பட்டிருக்கும். தனியாரிடம் சனல் பண்ணிப் பார்த்த வைத்தியர் ரிவோட்ரில் என்று எழுதியிருப்பார். இரண்டும் ஒரே சரக்கு என்பதை அறியாமல், இது நெஞ்சுப் படபடப்புக்கு, அது நித்திரைக்கு என்று இரண்டையும் போடுகிறவர்கள் உண்டு. வணிகப் பெயரை விட்டு மருந்தின் மூலப்பெயரால் எழுதவேண்டும் என்று 1970களில் இந்நாட்டில் வாதாடிய பேராசிரியர் சேனக பிபிலே, அந்த வாதத்தை விலையைக் குறைப்பதற்கும் மருத்துவம் சீர்படுவதற்குமாகச் செய்தார்; நம் போன்ற வீடுகளில் அது உயிரைக் காப்பதற்கும் உதவும். ஆகையால் எங்கே போனாலும் எல்லாத் துண்டுகளையும் எல்லாக் கொப்பிகளையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. அயல்வீட்டு ராத்தாவின் குளிசையில் பாதியை இரவல் வாங்குவதும், துண்டு இல்லாமல் பாமசியில் தெரிந்த பொடியனிடம் கேட்பதும் நம்மிடத்தில் சகஜம்; சட்டப்படி இவை வைத்தியரின் துண்டின்றி விற்கக் கூடாதவை. உம்ராவுக்கும் வேலைக்கும் போகிறவர்கள் வேறொன்றையும் கவனிக்கவேண்டும்: சவூதியும் எமிரேட்ஸும் இம்மருந்துகளைக் கட்டுப்படுத்தப்பட்டவையாகவே கருதுவதனால், முன் அனுமதியும் பத்திரமும் இன்றிப் பையில் வைத்திருப்பது விமான நிலையத்திலேயே கைதில் முடியலாம்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, இன்றிரவே குளிசையை எறிந்துவிடுகிறேன் என்று எவரேனும் புறப்பட்டால், என் எழுத்து நன்மைக்குப் பதிலாகத் தீமையைச் செய்ததாகும். இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் 1982 முதல் 1994 வரை, இவற்றை விடமுடியாமல் தவித்தவர்களுக்கென்றே கிளினிக் நடத்திய பேராசிரியை ஹெதர் ஆஷ்டன், அளவைச் சிறிது சிறிதாக, மாதக்கணக்கில் குறைப்பதே வழி என்று தம் அனுபவத்தால் காட்டினார். 2025இல் அமெரிக்க வைத்திய சங்கங்கள் பல சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலும், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருதடவை, இருக்கும் அளவில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்துப் பார்க்கும்படிதான் ஆரம்பிக்கச் சொல்கிறது. குறைக்கும் அட்டவணையை வைத்தியரே போடவேண்டும். வலிப்பு நோய்க்காகக் குளோனஸிபாம் எடுப்பவர்கள் இந்தக் கட்டுரையின் எந்த வாக்கியத்தையும் தமக்குரியதாகக் கொள்ளலாகாது. அவர்களுக்கு அது நித்திரை மருந்தன்று.

குளிசையின் இடத்தில் எதை வைப்பது? நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதற் சிகிச்சை மருந்தன்று, பழக்கங்களையும் எண்ணங்களையும் சீர்செய்யும் உளச்சிகிச்சையே என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இல் தீர்மானமாகக் கூறியது. அதன் அங்கங்களுள் ஒன்று, ரிச்சர்ட் பூட்ஸின் 1972இல் வகுத்தது: நித்திரை வராவிட்டால் படுக்கையில் புரண்டுகொண்டிராதே, எழுந்து வேறிடம் போய் அமைதியான காரியம் எதையாவது செய், கண் சொருகும்போது மாத்திரம் திரும்பிப் படு, எப்போது படுத்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழு. இதை வாசித்தபோது, நடுநிசியில் விழித்துக்கொண்ட மனிதனுக்குத் தஹஜ்ஜுத் என்ற காரியம் ஒன்றை நம் மார்க்கம் முன்பே வைத்திருப்பது என் நினைவுக்கு வந்தது. மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டதே என்று கடிகாரத்தைப் பார்த்துப் பதறுகிறவருக்கும், வந்த விழிப்பைத் தொழுகைக்கு உபயோகித்துவிட்டு மறுபடி சாய்கிறவருக்கும் மறுநாள் ஒன்றாயிருக்காது. நித்திரையைக் கலைப்பவற்றுள் நித்திரை வரவில்லையே என்ற பயமே முதன்மையானது. மற்றவை எளிய காரியங்கள்: இஷாவுக்குப்பின் தேயிலையையும் வெற்றிலை பாக்கையும் ஒதுக்கிவிடுதல், ஏனெனில் பாக்கும் ஓர் ஊக்கிதான், லுஹருக்குப்பின் சாய்வதை அரை மணித்தியாலத்துக்குள் அடக்குதல், படுக்கைக்குப் போனைக் கொண்டுபோகாதிருத்தல்.

இதனாலெல்லாம் குளிசை போடுகிறவரை ஈமான் குறைந்தவர் என்று சிலர் பேசுவதை நான் ஒப்பமாட்டேன். நோய்க்கு மருந்து தேடுவது மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்ட காரியம். மனச்சோர்வும் பயமும் சிகிச்சைக்குரிய வியாதிகளே. அவற்றை வெட்கத்தால் மறைத்து, வெளியே சொல்லக்கூடிய நித்திரையின்மையை மாத்திரம் வைத்தியரிடம் சொல்வதனால்தான், மூலநோய்க்கு மருந்தில்லாமல் மேல்நோய்க்கு மாத்திரம் குளிசை கிடைக்கிறது. கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையுமாக இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன; நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். குளிசையை அளவுக்குமேல் விழுங்கி எழுப்ப முடியாமல் கிடப்பவரைக் கண்டால், அடுத்தவர் என்ன நினைப்பார் என்று யோசியாமல், 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்கவேண்டும். அப்படி ஒரு நிலை வராதிருக்க, குளிசைப் பையைப் பிள்ளைகளுக்கும் மனம் கலங்கியிருப்பவருக்கும் எட்டாமல் பூட்டி வைப்பது வீட்டாரின் கடமை.

சில இரவுகளுக்கு மாத்திரம், கண்ணிமை மூட உதவும் நண்பனாக இந்த மருந்து இருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆகவே பெரியவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துப்போகும் மகன்மார், மகள்மாரிடத்தில் என் வேண்டுகோள் சிறியது. புதிதாக நித்திரைக் குளிசை எழுதப்படும்போது, "டொக்டர், இதை எத்தனை நாளைக்குப் போடவேணும், எப்படி நிறுத்தவேணும்?" என்று அங்கேயே கேட்டு, அந்த விடையைக் கொப்பியிலும் எழுதித் தரச் சொல்லுங்கள், பழையதாக இருந்தால், "இது இன்னும் தேவையா, குறைக்கலாமா?" என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். வரிசை நீளமாயிருக்கும், வைத்தியருக்கு அவசரமாயிருக்கும், கேட்பது மரியாதைக் குறைவோ என்றும் தோன்றும். ஆனாலும் கேளுங்கள், மாதாமாதம் வெவ்வேறு வைத்தியர்கள் மாறி மாறி இருக்கும் அந்த மேசைக்கு முன்னால், ஆரம்பம் முதல் இன்றுவரை மாறாமல் வந்துகொண்டிருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.